நீரோட்டக்காரரின் கைக்கடிகாரம்

திருப்பாதிரிப்புலியூர் ரயில் நிலையத்துக்குப் பின்னால் போய் ‘போர்க்காரர் வீடு’ என்று கேட்டால் சின்னப் பிள்ளைகூடக் கை காட்டும். மாடி வீடு. மாடிக்கு மேல் தண்ணீர்த் தொட்டி, அந்தத் தொட்டி தலையில் சிமெண்டில் செய்த ஒரு தாமரை. தேவநாதன் கட்டிய வீடு. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்ட மனுஷன், யார் தயவும் இல்லாமல் கட்டிய வீடு.

பிறந்தது குறிஞ்சிப்பாடிப் பக்கம். பதினாலு வயசில் ஆழ்குழாய்க் கிணற்றுக்குக் கைபோர் போடுகிற கூட்டத்தில் சேர்ந்தார். அப்போது வண்டியா இருந்தது? நாலு பேர் இரும்புக் குழாயைப் பிடித்துக்கொண்டு செக்கு மாடு மாதிரி சுற்றிச் சுற்றித்தான் பூமிக்குள் இறக்க வேண்டும். தோளில் தோல் உரிந்து சட்டையோடு ஒட்டிக்கொள்ளும். அந்தத் தோளால்தான் இருபத்தேழு வயசில் சொந்தமாய் ஒரு செட் குழாய் வாங்கினார், நாற்பதில் போர் வண்டி வாங்கினார். இன்றைக்கு வண்டி இரண்டு, ஓட்ட ஆள் ஆறு பேர். ஆனால் நீரோட்டம் பார்க்க மட்டும் வேறு ஆளை அனுப்ப மாட்டார். அது அவர் கைக்கு என்றே வந்த வித்தை.

உரித்த தேங்காய் ஒன்றை உள்ளங்கையில் படுக்க வைத்துக்கொண்டு நிலத்தில் மெல்ல நடப்பார். கீழே தண்ணீர் ஓட்டம் இருக்கிற இடம் வந்தால் படுத்திருந்த தேங்காய் தானாக எழுந்து நிற்கும். அங்கே குதிகாலால் ஒரு மிதி. அந்த மிதியில் குச்சி அடித்துவிட்டால் மறுநாள் வண்டி வரும். பத்தடி தள்ளிப் போட்டால் உப்புத்தண்ணி வருகிற கடலோரம் இது. இங்கே ஆயிரத்துக்கு மேல் பாயிண்ட் காட்டியிருக்கிறார். தப்பினது ஒரு கை விரலுக்குள் அடங்கும் என்பார். அதைக்கூட அவராகச் சொன்னால்தான் உண்டு, எதிரில் நின்று கேட்க ஆள் கிடையாது.

நீரோட்டம் பார்க்கும்போது உடம்பில் இரும்போ வெள்ளியோ கரண்டு சம்பந்தப்பட்டதோ எதுவும் இருக்கக்கூடாது. இருந்தால் பூமியின் இழுப்பு கைக்கு வராது. அதனால் செருப்பு, அரைஞாண், சாவிக்கொத்து, செல்போன் எல்லாவற்றையும் கழற்றி மச்சான் காத்தவராயனிடம் கொடுத்துவிடுவார். காத்தவராயன் அவர் மனைவி புஷ்பவள்ளியின் தம்பி. இருபது வயசில் அக்காவைப் பார்க்க வந்தவன் மாமாவோடு வண்டியில் ஏறினான், அப்புறம் இறங்கவே இல்லை. முப்பத்தாறு வருஷம். பக்கத்துத் தெருவிலேயே சந்திரலேகாவைக் கட்டிக்கொண்டு குடித்தனம் வைத்தான். மாமா நிலத்தில் இறங்கினால் அவன் மர நிழலில் துண்டை விரித்து, மாமாவின் சாமான்களை மடியில் வைத்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருப்பான். அவர் திரும்பி வந்ததும் ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுப்பான். பேச்சு ஜாஸ்தி கிடையாது. பேசுவதற்குத்தான் மாமா இருக்கிறாரே.

போன பொங்கலுக்கு மகள் கனிமொழி சென்னையிலிருந்து வந்தபோது ஒரு கைக்கடிகாரம் வாங்கி வந்தாள். கறுப்பு முகம், ரப்பர் பட்டை. அப்பாவின் செல்லை வாங்கி அதில் அவர் பேர், வயசு, எடை எல்லாம் போட்டுக் கடிகாரத்தோடு இணைத்துவிட்டாள். அது ராப்பகலாய் நாடி பார்க்கும், நாடி தாறுமாறாய் ஓடினால் ‘டிங்’ என்று அடித்து செல்லுக்குச் சேதி அனுப்பும், அதே சேதி சென்னையில் தன் செல்லுக்கும் வரும் என்று விளக்கினாள். அவள் ஆபீசில் ஒருத்தருடைய அப்பாவுக்கு அப்படித்தான் முன்கூட்டியே தெரிந்ததாம்.

“முன்னாடியே தெரிஞ்சா மாத்திரையில போய்டும்ப்பா. தெரியாம விட்டா நெஞ்சுல ரத்தம் கட்டி, அந்தக் கட்டி மூளைக்குப் போய்டும். கை கால் விழுந்துடும். குளிக்கிற நேரம் தவிர கழட்டாதீங்க.”

கழற்ற மாட்டேன் என்று சொல்லிவிட்டார். டீக்கடையில் உட்கார்ந்தால் சட்டைக் கையை முழங்கை வரைக்கும் மடக்கித்தான் டம்ளரைப் பிடிப்பார். எங்கே, இந்தக் கடலூரில் எத்தனை பேர் நாடியை அவரவர் மகள் சென்னையிலிருந்து பார்க்கிறாள்?

ஆனால் நீரோட்டம் என்று வந்தால் கழற்றித்தானே ஆக வேண்டும். முதல் தடவை காத்தவராயன் அதைத் துண்டில் முடிந்து வைக்கப் போனான். மாமா அதட்டினார். முன்பு ஒரு தடவை இப்படித்தான் நல்ல கடிகாரம் ஒன்று வரப்புச் சேற்றில் விழுந்து போயிருந்தது. துண்டில் வைத்தால் தொலைப்பாய், உன் கையில் கட்டிக்கொள் என்றார். காத்தவராயன் இடது மணிக்கட்டில் கட்டிக்கொண்டான். அன்றிலிருந்து அதுவே வழக்கமாகிப் போனது.

சித்திரையில் புவனகிரிப் பக்கம் ஒரு நிலம். தேங்காய் எழுந்து நின்ற அதே நேரம் பனைமர நிழலிலிருந்து ‘டிங்’ என்று சத்தம். வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் கனிமொழியிடமிருந்து மூன்று போன். நாடி ஒழுங்கில்லாமல் ஓடியதாகச் சேதி வந்திருக்கிறதே, காலையில் பத்தே முக்காலுக்கு என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்று கேட்டாள். நிலத்தில் நடந்துகொண்டிருந்தேன் என்றார். அது பொய் இல்லை. பதினைந்து நாள் கழித்துப் பரங்கிப்பேட்டைப் பக்கம் இன்னொரு நிலம், இன்னொரு ‘டிங்’. அதற்கப்புறம் ஒன்று.

கனிமொழி லீவு போட்டுவிட்டு வந்து அவரைக் கடலூரிலேயே ஒரு இருதய டாக்டரிடம் அழைத்துப் போனாள். நெஞ்சில் ஒயரை ஒட்டி ஈசிஜி எடுத்தார்கள். ஒரு முழு நாள் கழுத்தில் மாட்டி அனுப்புகிற பெட்டியும் வைத்துப் பார்த்தார்கள். கல்லு மாதிரி இருக்கிறது இருதயம் என்றார் டாக்டர். அப்புறம் ஒரு கேள்வி கேட்டார். சேதி வந்த நேரமெல்லாம் வாட்ச் உங்கள் கையில்தானே இருந்தது?

பக்கத்தில் மகள் நின்றிருந்தாள். நிலத்தடித் தண்ணியைக் கண்டுபிடிக்க மிஷின் வந்துவிட்டது, இன்னும் தேங்காய் எதற்கு என்று கேலி பண்ணுகிற மகள். கழற்றினேன் என்றால் ஏன் என்பாள், நீரோட்டம் என்றால் டாக்டர் முன்னாலேயே சிரிப்பாள்.

“என் கையிலதான் இருந்துச்சு. கழட்டறதே இல்லை,” என்றார் தேவநாதன்.

சில சமயம் இந்தக் கருவிகள் தப்பாகவும் சொல்லும், தொடர்ந்து கட்டியிருங்கள், திரும்பவும் வந்தால் வாருங்கள் என்று டாக்டர் அனுப்பிவிட்டார். அவர் பேரில் குற்றமில்லை. கேட்டதற்கு வந்த பதிலை வைத்துத்தானே அவர் பேச முடியும்.

தேவநாதனுக்கோ எல்லாம் விளங்கிவிட்டது. மூன்று தடவையும் நீரோட்டம் பார்க்கிற நேரம். மூன்று தடவையும் பாயிண்ட் சரி. பூமிக்குள் ஓடுகிற தண்ணீர் அவர் உடம்பு வழியாக ஏறி நாடியில் துள்ளுகிறது, அதைத்தான் கடிகாரம் பிடித்திருக்கிறது. கடிகாரம் பத்தடி தள்ளி மச்சான் கையில் இருந்ததே என்றால் அதனாலென்ன, அவர் பேர் போட்ட கடிகாரம் இல்லையா? செல்போன் எங்கே கிடந்தாலும் அவருக்கு வர வேண்டிய போன் அதற்குத்தானே வருகிறது? ஐம்பது வருஷமாய்க் கையால் அறிந்த வித்தைக்கு இப்போது மிஷினே சாட்சி சொல்கிறது. அந்தச் சந்தோஷத்தில் அவருக்குப் பத்து வயசு குறைந்தது.

போகிற ஊரிலெல்லாம் செல்லை எடுத்து அந்தச் சேதிகளைக் காட்டினார். தேதியைப் பார், நேரத்தைப் பார், உன் ஊர்க்காரன் நிலத்தில் என்றைக்குத் தண்ணி கண்டேன் என்று அவனையே கேள் என்பார். கூப்பிடுகிறவர்கள் கூடினார்கள். வைகாசியிலும் ஆனியிலும் வாரத்துக்கு நாலு நிலம் பார்த்தார். கனிமொழி திட்டிக்கொண்டே இருந்தாள். அவர், ஒன்றுமில்லை என்று டாக்டரே சொல்லிவிட்டார் என்று அவள் வாயை அடைத்தார்.

ஆனி மாசக் கடைசியில் ஒரு நாள் நெல்லிக்குப்பத்தில் டீக்கடை பெஞ்சில் ஏழெட்டு விவசாயிகள் சுற்றி நிற்க அவர் செல்லைக் காட்டிக்கொண்டிருந்தார். காத்தவராயன் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு மெதுவாகக் கேட்டான்.

“மாமா, அந்த நேரமெல்லாம் வாட்ச் என் கையிலதானே இருந்துச்சு? எனக்கு வேற அப்பப்ப நெஞ்சு படபடன்னு அடிச்சுக்குது.”

பத்துப் பேர் முன்னால் இப்படிக் கேட்டால் யாருக்குத்தான் பிடிக்கும்.

“பேரு யாருது போட்டிருக்கு? எனக்கு வர்ற போனை நீ எடுத்துப் பேசினா அது உனக்கு வந்த போனாய்டுமாய்யா?” என்றார் தேவநாதன். “உன் நாடி துடிச்சா பூமி தண்ணி கக்குமா? எங்க தங்கச்சி வெக்கற குழம்ப நெனச்சுத் துடிச்சிருக்கும். வீட்டுக்குப் போய் மோரு குடி.”

எல்லாரும் சிரித்தார்கள். காத்தவராயனும் சிரித்தான். டம்ளரை எடுத்து மிச்சத்தைக் குடித்தான்.

அதற்கப்புறம் அவன் கேட்கவில்லை. வண்டிப் படி ஏறினால் மூச்சு வாங்கியது. அறுபத்தாறு வயசு எனக்கா உனக்கா என்று மாமா கிண்டல் பண்ணினார்.

ஆவணியில் சேத்தியாத்தோப்புக்குப் பக்கத்தில் செந்தமிழ்செல்வன் என்பவர் நிலம். வெள்ளாற்றங்கரையை ஒட்டிய மேட்டு நிலம், ஏற்கனவே இரண்டு போர் போட்டு இரண்டிலும் தண்ணீர் இல்லாமல் புழுதிப் புகைதான் வந்தது. காலை ஒன்பதரை மணி. காத்தவராயன் வேப்பமரத்தடியில் உட்கார்ந்தான். தேவநாதன் வடக்கிலிருந்து தெற்காக நடந்தார், திரும்பினார், கிழக்கே போனார். மூன்றாவது சுற்றில் தேங்காய் மெல்ல அசைந்தது. அதே நேரம் மரத்தடியிலிருந்து ‘டிங்’.

அவர் குதிகாலால் ஓங்கி மிதித்தார். கேட்டீங்களா, அடிச்சுது பாருங்க, மணி அடிச்சுது என்று செந்தமிழ்செல்வனைக் கூப்பிட்டுச் சொன்னார். குச்சி கொண்டுவரச் சொன்னார். புவனகிரியில் எப்படி அடித்தது, பரங்கிப்பேட்டையில் எப்படி அடித்தது என்று முழுக் கதையும் சொன்னார். குச்சியை அடித்து முடித்து, செருப்பைக் கொடு மச்சான் என்று கையை நீட்டிக்கொண்டே திரும்பினார்.

காத்தவராயன் ஒருக்களித்துக் கிடந்தான். வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது. செருப்பும் சாவியும் அரைஞாணும் துண்டிலிருந்து சிதறியிருந்தன. கண் திறந்திருந்தது. மாமாவைப் பார்த்து என்னவோ சொல்ல வந்தான், சொல் வரவில்லை.

செந்தமிழ்செல்வன் காரில் போட்டுக்கொண்டு சிதம்பரத்துக்கு விரட்டினார்கள். ஆஸ்பத்திரியில் ஒரு இளம் பெண் டாக்டர். ஸ்கேன், ஈசிஜி எல்லாம் எடுத்துவிட்டு வந்தார். இருதயத் துடிப்பு ஒழுங்கில்லாமல் இருக்கிறது, இது நேற்று வந்ததாகத் தெரியவில்லை, நெஞ்சில் கட்டிய ரத்தம் மூளைக்குப் போய் அடைத்திருக்கிறது, பெரிய அடைப்பு என்றார். வலது கை வலது கால் விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது. பஸ் பிடித்து வந்து சேர்ந்திருந்த சந்திரலேகாவும் புஷ்பவள்ளியும் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

நர்ஸ் காத்தவராயனின் கையிலிருந்து கழற்றிய கடிகாரத்தைக் கொண்டுவந்து டாக்டரிடம் கொடுத்தாள். டாக்டர் திருப்பிப் பார்த்தார்.

“இது நாடி பார்க்கற வாட்ச் ஆச்சே. இதுக்கான போன் யாருகிட்ட இருக்கு?”

தேவநாதன் செல்லை நீட்டினார். டாக்டர் விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தார். சித்திரையிலிருந்து பதினொரு தடவை சேதி வந்திருக்கிறதே, ஏன் யாரும் இவரை டாக்டரிடம் காட்டவில்லை என்று கேட்டார். அது அண்ணாவுடைய வாட்ச் என்றாள் சந்திரலேகா. தேவநாதன் தொண்டையைச் செருமிக்கொண்டு, என் பேர்தான் போட்டிருக்கிறது, எனக்குப் பரிசோதனை பண்ணிப் பார்த்துவிட்டோம், ஒன்றுமில்லை என்றார்.

டாக்டர் அவரை நிமிர்ந்து பார்த்தார். கோபம் இல்லை. சின்னப் பிள்ளைக்குச் சொல்வது போல நிதானமாகச் சொன்னார்.

“பேரு அதுக்குத் தெரியாதுங்க ஐயா. யார் தோல் மேல இருக்கோ அவுங்க நாடியத்தான் பார்க்கும்.”

ஐசியூ வாசலில் வரிசையாக இரும்பு நாற்காலிகள். அதில் இரண்டு நாள் உட்கார்ந்திருந்தார் தேவநாதன். புஷ்பவள்ளி சாப்பிடச் சொன்னால் தலையாட்டினார், சாப்பிடவில்லை. கனிமொழி வந்தாள், செல்லைப் பார்த்தாள், அவளாகவே கணக்குப் போட்டுப் புரிந்துகொண்டாள், அப்பாவிடம் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை.

மூன்றாம் நாள் அவரை உள்ளே விட்டார்கள். காத்தவராயனுக்கு நினைவு இருந்தது. மாமா கட்டிலோரம் வந்து நின்றதும் அவன் இடது கையைத் தூக்கி, உள்ளங்கையை விரித்து அவர் பக்கம் நீட்டினான். செருப்பையும் சாவியையும் வாங்க நீட்டுகிற அதே கை. கொடுங்கள், நான் பார்த்துக்கொள்கிறேன் என்கிற மாதிரி. தேவநாதனுக்கு அதில் வைக்க ஒன்றும் இல்லை. தன் கையை வைத்தார். என்னென்னவோ சொல்ல நினைத்துப் போனவர், நர்ஸ் வந்து போகச் சொல்கிற வரைக்கும் மச்சான், மச்சான் என்றே சொல்லிக்கொண்டிருந்தார்.

வெளியே வந்து சந்திரலேகாவைத் தனியாகக் கூப்பிட்டார். ஆஸ்பத்திரி வாசல் டீக்கடை ஓரமாக நின்று எல்லாவற்றையும் சொன்னார். கடலூர் டாக்டரிடம் சொன்ன பொய், நெல்லிக்குப்பத்தில் பத்துப் பேர் முன்னால் அடித்த கேலி, எதையும் மறைக்கவில்லை. அவள் அடிப்பாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று எதிர்பார்த்தார். அதற்குத் தயாராகத்தான் வந்திருந்தார்.

“எனக்குத் தெரியும்ணா,” என்றாள் சந்திரலேகா. “அன்னிக்கே வீட்டுல வந்து சொன்னாரு. ஒரு தடவ டாக்டர்கிட்ட காட்டலாம்னு நான்தான் சொன்னேன். ‘அது மாமாவுக்கு வந்த சேதி, எனக்குன்னு போய் நின்னா மாமாவை நம்பலைன்னு ஆய்டும்’னாரு. நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்னு நானும் விட்டுட்டேன்.”

அவள் அழவில்லை. டீயை வாங்கி அவர் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போனாள்.

ஒன்பதாம் நாள் விடியற்காலை காத்தவராயன் போய்விட்டான்.

கருமாதி அன்றைக்குக் கெடிலம் ஆற்றங்கரையில் காரியம் முடித்து வீட்டு வாசல் பந்தலில் எல்லாரும் உட்கார்ந்திருந்தார்கள். சேத்தியாத்தோப்பிலிருந்து செந்தமிழ்செல்வன் இரண்டு பேரோடு வந்தார். துக்கம் விசாரித்துவிட்டு, சொல்லலாமா வேண்டாமா என்று தயங்கிச் சொன்னார். அன்றைக்கு மிதித்த இடத்தில் வேறு வண்டி வைத்துப் போர் போட்டிருக்கிறார். இருநூற்றிப் பத்தடியில் தண்ணீர் பீறிட்டதாம், நல்ல இனிப்புத்தண்ணி. பந்தல் முழுக்க ஒரு முணுமுணுப்பு. பார்த்தியா, மச்சான் விழுந்த நேரத்திலும் மாமாவின் நாடி தண்ணி இருக்கிற இடத்தைக் காட்டிவிட்டது என்றார் ஒரு பெரியவர். இந்தக் கை தெய்வக் கை என்றார் இன்னொருத்தர்.

தேவநாதன் எழுந்து நின்றார்.

“அது என் நாடி இல்லை. எல்லாம் என் மச்சான் நாடி. வாட்ச் அவன் கையில இருந்துச்சு. எமனுக்கு முன்னாடி வந்த சேதிய நான் தண்ணின்னு சொல்லி ஊர் ஊரா காட்டினேன்.”

நாலு பேர் ஓடிவந்து அவரைப் பிடித்து உட்கார வைத்தார்கள். முப்பத்தாறு வருஷம் கூட இருந்தவன், தாங்கவில்லை மனுஷனுக்கு என்றார்கள். செந்தமிழ்செல்வன் அவர் முதுகைத் தடவிக் கொடுத்தார். நீங்கள் அன்றைக்குக் கால் வைத்த இடத்தில்தானே தண்ணி வந்தது, மனசைப் போட்டு வருத்திக்கொள்ளாதீர்கள் என்றார். அவர் வாயிலிருந்து வந்த எத்தனையோ பெருமைப் பேச்சை அந்த ஜனம் கேள்வி கேட்காமல் நம்பியிருக்கிறது. இந்த ஒன்றை நம்பவில்லை.

அதோடு அவர் நீரோட்டம் பார்க்கப் போகவில்லை. வேறு வேலையாகத்தான் டவுன் பஸ் ஏறினார். செல்லைக் காட்டிய ஆட்களை ஒவ்வொருத்தராகத் தேடிப் போனார். நெல்லிக்குப்பம் போனார், பரங்கிப்பேட்டை போனார். போன இடத்திலெல்லாம் உட்கார வைத்து உபசாரம் பண்ணினார்கள், சொன்னதைத் தலையாட்டிக் கேட்டார்கள், கிளம்பும்போது அடுத்த பாயிண்ட் எப்போது பார்க்க வருகிறீர்கள் என்று கேட்டார்கள். வீட்டுக்கு வந்து புஷ்பவள்ளியிடம் சொல்லிச் சொல்லி மாய்ந்தார். அது சந்திரலேகா காதுக்குப் போனது.

நாற்பது நாள் கழிந்திருந்தது. அவர் புவனகிரிக்குக் கிளம்பிச் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தபோது சந்திரலேகா வாசலில் வந்து நின்றாள். இன்னும் கோயில் குளம் போகாதவள், நல்லது கெட்டதுக்கு வெளியே வராதவள். அக்கம்பக்கத்துப் பெண்கள் எட்டிப் பார்த்தார்கள்.

நானும் வரேன்ணா என்றாள்.

புவனகிரியில் அந்த விவசாயி வீட்டில் தேவநாதன் வழக்கம் போல ஆரம்பித்தார். விவசாயியும் வழக்கம் போல, துக்கத்தில் பேசறீங்க என்று ஆறுதல் சொல்லத் தொடங்கினார். சந்திரலேகா குறுக்கே பேசினாள்.

“அவரு சொல்றது நெசம்தாங்க. சித்திரையில உங்க நிலத்துல மணி அடிச்சுதுல்ல, அது என் வீட்டுக்காரர் நாடி. பனமரத்தடியில உக்காந்திருந்தவரு.”

அந்த மனுஷன் பொட்டில்லாத நெற்றியோடு நிற்கிறவளைப் பார்த்தார். தேவநாதனைப் பார்த்தார். ஆறுதல் சொல்ல வந்ததை விட்டுவிட்டார். இதை இவ்வளவு தூரம் வந்து சொல்லித்தான் ஆகணுமாம்மா என்று கேட்டார்.

“அவருக்கு வந்த சேதிங்க,” என்றாள் அவள். “அவருதுன்னு நாலு பேருக்காவது தெரியட்டும்.”

இன்னும் எத்தனை ஊர் இருக்கிறது என்று தேவநாதனிடம் கேட்டாள். ஆறு என்றார் அவர். அவள் முன்னால் நடந்தாள், அவர் பின்னாலேயே பஸ் நிறுத்தத்துக்குப் போனார்.